நொடிக்கு 24 முறை நிற்கும் ஃபிலிம்

சினிமா கேமராவின் உயிர் லென்ஸில் இருப்பதாகவே பலரும் கருதுகிறார்கள். ஒளியைக் குவித்து உருவத்தைத் தருவது லென்ஸ்தான். ஆனால் அதே வேலையை ஸ்டில் கேமராவின் லென்ஸும் செய்கிறது. சினிமா கேமராவுக்கே உரிய திறமை, ஓடுகிற ஃபிலிமை ஒவ்வொரு படத்துக்கும் அசையாமல் நிறுத்துவது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் உயரம் வழக்கமாக ஃபிலிமின் ஓரத்திலுள்ள நான்கு துளைகள், அதாவது 19 மி.மீ. நொடிக்கு 24 படங்கள் எடுக்கும்போது ஒன்றரை அடி ஃபிலிம் லென்ஸுக்குப் பின்னால் கடந்துவிடுகிறது. 1,000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். இந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒளி பட்டால் முகம் பதியாது. மேலும் கீழுமாக இழுபட்ட தீற்றல்தான் பதியும்.

இதற்கான தீர்வு கேமராவின் நடுவில் இருக்கிறது. மேகசினில் இருந்து வரும் ஃபிலிமைப் பல்சக்கரம் ஒரே சீராக இழுக்கிறது. லென்ஸுக்குப் பின்னுள்ள ‘கேட்’டில் மட்டும் ஒரு சிறு கொக்கி துளைக்குள் நுழைந்து, சரியாக ஒரு படத்தின் அளவுக்கு ஃபிலிமைக் கீழே இழுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. சீராக ஓடும் பகுதிக்கும் விட்டுவிட்டு நகரும் பகுதிக்கும் இடையே ஃபிலிம் கிழியாமல் இருக்க, கேட்டுக்கு மேலும் கீழும் அதைத் தளர்வாக வளைத்து ‘லூப்’ விடுகிறார்கள். தரமான கேமராக்களில் ஃபிலிம் நின்றதும் ‘ரெஜிஸ்டர் பின்’ துளைக்குள் புகுந்து அதை இறுகப் பிடிக்கும். 22 மி.மீ. அகலப் படம் 11 மீட்டர் திரையில் 500 மடங்கு பெரிதாகிறது. கேட்டில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினாலும் திரையில் 5 மி.மீ. ஆடும். ஃபிலிம் நகரும் நேரத்தில் ஒளியை மறைப்பது சுழலும் ஷட்டர். அதன் திறப்பு 180 டிகிரி என்றால் ஒவ்வொரு படமும் 1/48 நொடி ஒளி பெறுகிறது. 1937இல் வந்த ஆரிஃப்ளெக்ஸ் 35 கேமராவில் ஷட்டரே கண்ணாடியானது. மூடியிருக்கும்போது அது ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும். ஆகவே ஒளிப்பதிவாளர் அதில் பார்ப்பது, ஃபிலிமில் பதியாத கணங்களைத்தான்.

ஃபிலிமை நிறுத்தியே ஆகவேண்டுமா என்று கேட்கலாம். நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் ஆய்வுக்கூட ஃபிலிம் கேமராக்கள் சிலவற்றில் அது நிற்பதே இல்லை என்பது உண்மை. அவற்றில் சுழலும் பட்டகம் ஒன்று, ஃபிலிமின் வேகத்துக்கு ஈடாக உருவத்தையும் நகர்த்திச் செல்கிறது. ஃபிலிமைப் பொறுத்தவரை உருவம் அசையாமல்தான் இருக்கிறது. நிறுத்தும் வழி மாறியதே தவிர, அதன் தேவை போகவில்லை. 1895இல் சினிமாட்டோகிராஃபை உருவாக்கிய லூயி லூமியேருக்குத் தையல் இயந்திரம் துணியை நகர்த்தி நிறுத்தும் முறையே வழிகாட்டியது. அவருடைய சாதனையின் மையமும் இந்த நிறுத்தம்தான்.

டிஜிட்டல் காலத்தில் இந்தப் பொறியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. சென்சார் நகர்வதில்லை, கொக்கியும் லூப்பும் அதற்குத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால், வேகமாகப் போகும் ரயிலில் இருந்து எடுத்த மின்கம்பங்கள் சாய்ந்து தெரிகின்றன. ஒரு படத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கணத்தில் பிடிக்கவேண்டும் என்ற பழைய சிக்கலே புதிய உருவில் வந்திருக்கிறது. ஷட்டர் கோணம் இன்றும் பல டிஜிட்டல் சினிமா கேமராக்களின் மெனுவில் டிகிரியாகவே இருக்கிறது. ‘சேவிங் பிரைவேட் ரயான்’ (1998) படத்தின் போர்க்காட்சிகளில் ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி அந்தக் கோணத்தை 90, 45 டிகிரிகளாகக் குறைத்தார். படங்களில் இயக்கத்தின் மங்கல் குறைந்து, தெறிக்கும் மண்துகள்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தக் காட்சிகளுக்குப் பதற்றத்தைத் தந்தது, ஒரு படம் எவ்வளவு நேரம் ஒளி பெறவேண்டும் என்று அவர் எடுத்த முடிவு. ஒளிப்பதிவு கற்பவர்கள் லென்ஸின் பெயர்களுக்கு முன்னால் கேட்டையும் ஷட்டரையும் கற்கவேண்டும். அசைவைப் படமாக்கும் கலையின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது.