மாட்டை யார் கறப்பாங்க?

சாயங்காலம் நாலு மணிக்கு மாதர் சங்கக் கூட்டம் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றால், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "இன்னைக்கு யாருக்குச் சால்வை?" என்பார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. 2021-ல் சங்கம் ஆரம்பித்து முதல் இரண்டு வருஷம் நாங்கள் செய்ததெல்லாம் வந்தவர்களுக்குச் சால்வை போர்த்தியதும், மார்கழியில் கோலப் போட்டி வைத்ததும், ஆகஸ்ட் பதினைந்துக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்ததும்தான்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. இரண்டு டஜன் பெண்கள் சேர்ந்த சங்கம். பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று பார்த்தால், ரிடையரான டீச்சரம்மா ஒருவர்தான். நானெல்லாம் பத்தாவதோடு சரி. தையல்கார அக்கா, வளையல் கடை பாய் வீட்டு அம்மா, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், பால்கார மதினி... இப்படி ஒரு கதம்பம். மாதச் சந்தா ஐம்பது ரூபாய். அது போதாதென்று பொங்கல் பொருட்காட்சியில் வடகமும் முறுக்கும் விற்று நாலு காசு சேர்ப்போம். கணக்கு நோட்டு என் கையில்.

2023-ல் ஊரிலுள்ள ஆண்கள் சேவைச் சங்கம் ஒன்று கண் முகாம் நடத்தியது. எங்களையும் கூப்பிட்டார்கள். எதற்கு என்கிறீர்கள்? வாசலில் கோலம் போட, சந்தனம் கற்கண்டு கொடுக்க, டாக்டர்களுக்கு உப்புமா கிண்ட! நாங்களும் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனோம்.

முகாம் எப்படி நடக்கும் என்று அன்றுதான் கிட்டே இருந்து பார்த்தேன். இடம், விளம்பரம், சாப்பாடு, நாற்காலி பெஞ்சு ஏற்பாடு எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் பெயர் பதிவு. அடுத்ததில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்வை சோதனை. பிறகு கண்ணின் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஆபரேஷன் தேவை என்று எழுதிவிட்டால் அன்று மாலையே ஆஸ்பத்திரி பஸ்ஸில் மதுரைக்கு. மறுநாள் ஆபரேஷன். அதற்கடுத்த நாள் ஊருக்குத் திரும்பலாம். ஆபரேஷன், லென்ஸ், தங்க இடம், சாப்பாடு எதற்கும் ஒரு பைசா இல்லை.

இத்தனையும் இருந்தும், சாயங்காலம் பஸ் கிளம்பும்போது பார்த்தால் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்த பெண்களில் பாதிப் பேர் கூட இல்லை. "டீ குடிச்சிட்டு வாரேன்", "வீட்ல சொல்லிட்டு வாரேன்" என்று போனவர்கள்தான்! வரவேயில்லை. மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரலை" என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சத்துணவு அம்மாள் விடவில்லை. "விழிப்புணர்வு இல்லாதவ எதுக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து வரிசையில நிக்கணும்? வந்தாள்ல? அப்புறம் எங்கே போனான்னு போய்க் கேட்போம்" என்றார். அடுத்த வாரமே பதிவு நோட்டைப் பார்த்து வீடு வீடாகப் போனோம்.

சகோதரிகளே, அந்த நாலு நாளில் நான் கற்றுக்கொண்டது என் பத்து வருஷப் பள்ளிப் படிப்பில் கிடையாது. ஒரு பாட்டி சொன்னாள்: "மூணு நாள் போயிட்டா மாட்டை யார் கறப்பாங்க தாயி? வேற ஆள் மடியில கை வச்சா உதைக்கும்." இன்னொருத்திக்கு இரண்டு பேரப் பிள்ளைகள். மகளும் மருமகனும் திருப்பூரில் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சோறு பொங்கிப் போட இவளை விட்டால் ஆளில்லை. "கூட யாரு வருவா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். "கண்ணைத் தோண்டி எடுத்து வெளியே வச்சிட்டுத் திருப்பி வைப்பாங்களாமே" என்று பயந்தவளும் உண்டு. ஒருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. நாங்கள் எழுந்து வரும்போது தையல்கார அக்காவின் காதில் மட்டும் ஏதோ சொன்னாள். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நல்லதா இருக்கறது ஒரே சேலையாம். மாத்துக்கு இல்லாம ஆஸ்பத்திரியில எப்படிப் போயி மூணு நாள் கிடக்கிறதுன்னு கேக்கிறா."

கோலமும் சந்தனமும் கொடுத்த எங்களுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள், ஒரு ஆண் மூன்று நாள் ஊருக்குப் போனால் அவர் வேலை மட்டும்தான் நிற்கும். ஒரு வீட்டுப் பெண் போனால் அடுப்பு, மாடு, ஆடு, குழந்தை, தண்ணீர்க்குடம் எல்லாமே நின்று போகிறது. அதற்கு மாற்று ஏற்பாடு சொல்லாமல் "இலவசம், இலவசம்" என்று மைக்கில் கத்தி என்ன பிரயோஜனம்?

2024 முகாமுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம், உப்புமாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று! (முணுமுணுப்பு இருந்தது. எங்கள் சங்கத்துக்குள்ளேயே இருந்தது. மேடையில் உட்காராவிட்டால் பேப்பரில் போட்டோ வராதே என்று ஒரு சகோதரி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.) சால்வை, மாலைச் செலவை அடியோடு நிறுத்தி, அந்தப் பணத்தில் பத்து கைத்தறிச் சேலை வாங்கி வைத்தோம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆளுக்கு இரண்டு வீடு. ஆடுகளை வளையல் கடைக்காரர் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ள அந்த அம்மாள் சம்மதித்தார்கள். மாடு விஷயத்தில் மட்டும் நாங்கள் முழிக்க, பால்கார மதினி, "அதை நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். எப்பேர்ப்பட்ட உதைகால் மாடும் அவள் கைக்கு நிற்கும். காலையில் நாலரை மணிக்குக் கிளம்பி, தன் மாட்டையும் கறந்து, ஊர் மாட்டையும் கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றி, காசை அந்தந்த வீட்டுப் பெயரில் எழுதி வைத்தாள்.

சேவைச் சங்கங்களுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை என்று டீச்சரம்மா ஒருநாள் சொன்னார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், 1925-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் லயன்ஸ் சங்க மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அதிலிருந்துதான் அவர்கள் கண் பணியைத் தனிப் பணியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1987-ல்தான்! நம் பக்கத்திலோ, டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போயிருந்த கையோடு கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர் அவர். நம் பக்கத்துக் கிராமங்களில் கண் முகாம் இத்தனை சகஜமானதற்கு அவர் பெரிய காரணம்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முகாமுக்கு முந்தின வாரம் ராத்திரி. கூடத்தில் உட்கார்ந்து நோட்டீஸ்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, காபி நீட்டினேன். அவர்கள் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைப் பிடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ப்ளஸ் டூ படிக்கும் என் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பத்தாவுக்கு ரொம்ப நாளாவே கண்ணு சரியாத் தெரியலைம்மா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. அரிசியில் கல் பொறுக்க முறத்தை யாரிடமும் கொடுக்காதவர்கள், கொஞ்ச நாளாக "நீயே பாரு" என்று தள்ளிவிட்டார்கள். டி.வி. சீரியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கதையை மட்டும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இருட்டுவதற்கு முன்பே போய்விட்டு வந்தார்கள். வயசாகிறது, முசுடு கூடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் போய் "கண்ணு மங்கலா இருக்கா பாட்டி?" என்று கேட்ட எனக்கு, என் வீட்டு அடுப்படியில் நின்றவரைக் கேட்கத் தோன்றவில்லை!

"ஏன் அத்தை சொல்லலை?" என்றேன்.

"சொன்னா அடுப்படிக்குள்ள விடுவியா? மூலையில கட்டிலைப் போட்டு உக்காத்திப்புடுவே" என்றார்கள்.

முகாமில் இரண்டு கண்ணிலும் புரை என்று எழுதினார்கள். டாக்டர் சின்னப் பெண், என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தாள். பொறுமையாக விளக்கினாள். புரை என்பது கண்ணின் மேலே வளரும் சதை இல்லை. கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸே, தெளிந்த தண்ணீரில் பால் விட்ட மாதிரி மங்கிப்போவது. எந்தச் சொட்டு மருந்திலும் அது கரையாது. "நல்லாப் பழுக்கட்டும்" என்று காத்திருக்கிற காலமும் போய்விட்டது. முற்ற விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையே போய்விடக்கூடும். முன்பு லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். இப்போது அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். 1992-லிருந்து அதை மதுரையிலேயே தயாரிக்கிறார்கள். அதனால்தான் விலை ஏழைக்கும் எட்டுகிறது.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். குழந்தைக்குக் கண் சிவந்தால் தாய்ப்பால் பீச்சுவது, இலைச்சாறு பிழிவது எல்லாம் வேண்டவே வேண்டாம், புண்ணாகிவிடும். குழந்தையின் கண்மணிக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது மாறுகண் இருந்தால், "அதிர்ஷ்டம்" என்று சிரித்துக்கொண்டு இருக்காமல் உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். என்னைப் போல நாற்பது தாண்டி ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறவர்களுக்குக் கண்ணாடி போதும். நானும் அங்கேயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் எழுதிக் கொடுத்த பெண்களில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் பஸ் ஏறினார்கள். சத்துணவு அம்மாளும் நானும் துணைக்குப் போனோம். ஒற்றைச் சேலைக்காரியும் வந்தாள், மஞ்சள் பையில் புதுச் சேலையோடு.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு ஆச்சிக்கு முடியவில்லை. 2023-லேயே முகாமுக்கு வந்து, மேல் பரிசோதனைக்கு மதுரைக்கு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தும் பேரனுக்காகப் போகாமல் நின்றவள். அவளுக்குப் புரை மட்டும் இல்லை. கண் அழுத்த நோயும் இருந்தது. வலிக்காமல், சத்தம் போடாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும் நோய் அது. ஆரம்பத்தில் பிடித்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. டாக்டர் எவ்வளவோ மெதுவாகச் சொன்னாள். ஆச்சி கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வருஷம் வரட்டுமா தாயி?" என்றாள். யாருக்கும் பதில் வரவில்லை. ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கும் அந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதால், அவளுடைய இரண்டு பெண்களையும் தேடிப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒருத்திக்கு ஆரம்பம், இப்போது தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாள். ஆச்சி வீட்டுக்கு முறை வைத்துப் போகிறோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், 2023-ல் நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றது ஞாபகத்துக்கு வரும்.

அத்தைக்குக் கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். கண் திறந்ததும் சாமி பெயர் சொல்வார்கள் என்று பார்த்தால், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, இப்படி நரைச்சுப் போச்சு?" என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்காமல், தலைக்குத் தண்ணீர் விடாமல், சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடியெல்லாம் பத்தியமாக இருந்தார்கள். ஆனால் வாயைக் கட்ட முடியுமா? அடுப்படி மூலையில் ஒட்டடை, எண்ணெய்ச் சட்டியில் பிசுக்கு, மிளகாய்ப் பொடியில் காம்பு என்று இரண்டு வருஷத்துக் குறையையும் இரண்டே நாளில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். இப்போது என்னோடு வீடு வீடாக வருகிறார்கள். "பயப்படாதே, கண்ணைத் தோண்டலை, நான் பார்த்துட்டுத்தானே வந்தேன்" என்று அவர்கள் சொன்னால் எடுபடுகிறது. நாங்கள் மணிக்கணக்காகப் பேசினாலும் அப்படி எடுபடுவதில்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிறு மறுபடி முகாம். போன வாரம் பதிவு நோட்டோடு சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். பால்கார மதினி ஒரு ஓரமாக வந்து நின்று, "எம் பேரையும் எழுதிக்கிடுங்க. கொஞ்ச நாளா பால் படியில கோடு தெரியலை" என்றாள். எழுதிவிட்டோம். பஸ்ஸில் துணைக்கு ஆள் சரி, அவள் வீட்டுச் சமையலுக்கு ஆள் சரி. அவள் மாட்டையும், அவள் கறக்க வேண்டிய மற்ற நாலு வீட்டு மாட்டையும் யார் கறப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறேன். சின்ன வயசில் கறந்திருக்கிறாராம்.