தண்ணீரை விட்டு நகராத ரோடியம்

ரோடியம் பூமியில் மிக அரிதாகக் கிடைக்கும் உலோகம். வினையூக்கியாக இம்மியளவு போட்டாலே வேலை நடக்கும். ஆனால் விளைபொருளோடு கரைந்து நின்றுவிட்டால் மீட்பது பெரும்பாடு. காய்ச்சி வடித்தால் சூட்டில் வினையூக்கியே சிதையக்கூடும்.

1984இல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் ரூர்கெமி நிறுவனம் இதற்கு அழகான வழி ஒன்றை ஆலை அளவில் செய்துகாட்டியது. ரோடியத்தைப் பிடித்திருக்கும் பாஸ்பீனின் மூன்று பென்சீன் வளையங்களிலும் சல்போனேட் தொகுதிகளைச் சேர்த்தார்கள்; வினையூக்கி தண்ணீரில் கரைந்தது. அந்தக் கரைசலில் புரோப்பீன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் மூன்றையும் செலுத்தினால் பியூட்டைரால்டிஹைடு உருவாகித் தனி அடுக்காக மேலே நிற்கும். அதை இறுத்துக்கொண்டு, ரோடியக் கரைசலை மறுசுற்றுக்கு அனுப்பலாம்.

பத்து கார்பன் கொண்ட டெசீனிடம் இது பலிக்காது. அது தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம். 1990களில் பிரான்சில் எரிக் மோன்ஃப்ளியே குழுவினர் இங்கேதான் சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கொண்டுவந்தார்கள். மாவுச்சத்திலிருந்து நொதியால் கிடைக்கும் பொருள் இது. பீட்டா வகையில் ஏழு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகக் கோத்து, அடியில்லாத டம்ளர் போல நிற்கும். வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்புறம் ஒட்டாது. துளையின் அகலம் சுமார் 0.6 நானோமீட்டர். டெசீனின் சங்கிலி அதற்குள் நுழைய, தண்ணீர் எல்லையில் ரோடியம் அதை எட்டிவிடுகிறது. டெசீனுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கும் இடையே வேதிப்பிணைப்பே கிடையாது. இப்படித் தளர்வாகக் கூடிப் பிரியும் அமைப்பைத்தான் மீமூலக்கூறு வினையூக்கம் என்கிறோம்.

தளர்வு என்பது இங்கே குறையே அல்ல. வடிவமைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. விளைபொருள் துளையிலேயே தங்கினால் அடுத்த டெசீனுக்கு இடமில்லை. ஜப்பானின் மகோட்டோ ஃபுஜிதாவின் பல்லாடியக் கிண்ணத்திலும் இதே கதை: உள்ளே இரண்டு மூலக்கூறுகள் இணைந்ததும் வடிவம் வளைந்துபோகும், பொருந்தாத விளைபொருள் தானே வெளியேறும்.

சைக்ளோடெக்ஸ்ட்ரினில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. அதன் துளைக்கு ஆள் பேதம் தெரியாது. பாஸ்பீனின் பென்சீன் வளையமும் உள்ளே நுழைந்துகொண்டது! ரோடியம் தன் துணையை இழந்தது. ஆலைகளுக்கு வேண்டிய நேர்ச்சங்கிலி ஆல்டிஹைடின் பங்கு குறைந்தது. துளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று, பாஸ்பீனையே திருத்தினார்கள். வளையங்களில் கூடுதல் தொகுதிகளைச் சேர்த்துப் பருமனாக்கியதும் அவை துளைக்குள் புகவில்லை. டெசீன் மட்டும் வழக்கம்போல் போய்வந்தது.