துருப்பிடித்த மோட்டார் சைக்கிளில் கோவைப்பழம்! போலீஸ் நிலைய ஓரத்தில் 'போட்டோ' வேட்டை

சென்னையில் கேமராவும் கையுமாக அலையும் வாலிபர்கள் சிலருக்கு மெரினாவும் கோவில் கோபுரமும் அலுத்துவிட்டன. செடி முளைத்த கார், கொடி படர்ந்த ஸ்கூட்டர், புல் மூடிய ஆட்டோ என்று தேடுகிறார்கள். மனிதன் போட்டுவிட்டுப் போன பொருளை இயற்கை எடுத்துக்கொள்ளும் காட்சி, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டாம். வழக்குகளில் பிடிபட்ட வண்டிகள் பல போலீஸ் நிலையங்களின் ஓரத்தில் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

முளைப்பது எப்படி?

முதலில் சீட் கிழிகிறது. உள்ளே இருக்கும் பஞ்சில் தூசியும் மழைத் தண்ணீரும் சேருகின்றன. காக்கை எச்சத்தோடு அரசம் விதை விழுகிறது. அவ்வளவுதான், கன்று கிளம்பிவிடும்! கோவைக்கொடி தரையிலிருந்து ஏறி ஹேண்டில் பாரைப் பிடிக்கிறது. கொடிக்கு அதுவும் ஒரு பந்தல்தானே?

மழை விட்ட மறுநாள் காலைதான் படத்துக்கு நல்ல நேரம். இலை கழுவி விட்டதுபோல் இருக்கும். துருவின் நிறமும் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் வெளுத்துப் போகும். நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. படத்துக்காக வண்டியை நகர்த்தக் கூடாது. இற்றுப் போனாலும் அது வழக்குச் சொத்து.

அதே மழைத் தண்ணீர் டயருக்குள்ளும் தேங்குகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சுமார் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறந்துவிடும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது அழகு அல்ல, காய்ச்சல்.

கோர்ட்டு கேட்ட போட்டோ

படத்தில் தெரியாத ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் வண்டிக்குச் சொந்தக்காரர். திருட்டுப் போன வண்டியைப் போலீசார் மீட்டுவிட்டார்கள். ஆனால் கைக்கு வரவில்லை. வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டே பஸ்சில் தொங்கிக்கொண்டு போனால் வயிறு எரியாதா?

இப்படி நடக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ம் ஆண்டே சொல்லிவிட்டது. குஜராத் வழக்கு ஒன்றில் அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வந்த தீர்ப்பு அது. வண்டிகளை நீண்ட காலம் போலீஸ் நிலையத்தில் போட்டு வைப்பதில் பயன் இல்லை. பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம். யாரும் கேட்டு வராத வண்டியை ஏலம் விடலாம் என்றது.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு இன்னும் கறார். பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல் தயாராக வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும். அதன்பின் 30 நாளில், பொருளை என்ன செய்வது என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவிட வேண்டும். அந்தப் போட்டோவே சாட்சியம். வண்டி வெயிலில் நின்று சாட்சி சொல்ல வேண்டியதில்லை!

அந்த ஒரு போட்டோ நேரத்தில் எடுக்கப்பட்டால், அரசங்கன்று முளைத்த போட்டோவுக்கு வேலையே இல்லை.

வண்டியைப் பறிகொடுத்தவர்கள் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் காகிதத்துடன் வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனுப் போடலாம். மதுவிலக்கு வழக்கு வண்டி என்றால் நடைமுறை வேறு. வக்கீலைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் துருவில் மறைவதற்குள் போவது நல்லது.