பேசும் பலகை

உள்ளத்தில் எழும் எண்ணத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துவது மொழி. அம்மொழி வெளிப்படுதற்கு நா ஒன்றே வாயில் என்று பலரும் கருதுவர். அஃது உண்மையன்று. பெருமூளை வாதத்தால் தசைகள் தம் வயப்படாத குழந்தைகளுள் பலர், பிறர் கூறுவனவற்றை நன்கு உணர்வர். ஆயினும், விடை கூற அவர்க்கு நா எழாது. விடை வாராமை கண்டு, அறிவும் இல்லை எனக் கொள்வது பெரும்பிழையாகும்.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில், உடற்குறையுடைய குழந்தைகட்கான நிலையம் ஒன்றில், இவ்விடரைத் தீர்க்கும் முயற்சி 1971ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஷெர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியையும் அவருடன் பணியாற்றியோரும், சார்லஸ் பிளிஸ் என்பார் வகுத்த குறியீடுகளைத் தேர்ந்தெடுத்தனர். பிளிஸ், சீன நாட்டு ஷாங்காய் நகரில் வாழ்ந்த காலத்து, அந்நாட்டு எழுத்துகளைக் கண்டு வியந்தார். ஒலியைச் சாராது பொருளையே உணர்த்தும் குறியீட்டு முறை ஒன்றை அமைத்து, 1949இல் நூலாக வெளியிட்டார். அம்முறையில் இதய வடிவம் உணர்ச்சியைக் குறிக்கும். அதனோடு மேல்நோக்கிய அம்பு சேரின் மகிழ்ச்சி. கீழ்நோக்கிய அம்பு சேரின் துயரம். குழந்தைகள் பலகையிலுள்ள குறிகளைச் சுட்டித் தம் கருத்தைத் தெரிவிக்கலாயினர். ஒவ்வொரு குறியுடனும் அதற்குரிய சொல் எழுதப்பட்டிருந்தமையால், குறியறியாதாரும் அதனைப் படித்து உணர்ந்தனர்.

எனினும், பலகையை மடிமேல் வைத்த அளவில் பேச்சுப் பிறந்துவிடாது. வீணையை வீட்டில் வைத்ததனால் எவரும் இசைவாணர் ஆவதில்லை. ஆசிரியரும், வகுப்பில் துணைபுரியும் பணியாளரும் முதற்கண் பயிற்சி பெறல் வேண்டும். அப்பயிற்சியில் இன்றியமையாதன நான்கு.

முதலாவது, தாமும் சுட்டிப் பேசுதல். தாய் பேசக் கேட்டே சேய் பேசக் கற்கிறது. அதுபோல, ‘இப்பொழுது கதை படிப்போம்’ என்று கூறும் ஆசிரியர், ‘கதை’, ‘படி’ என்னும் குறிகளையும் தொட்டுக் காட்டல் வேண்டும். இரண்டாவது, பொறுத்திருத்தல். நடுங்குங் கை குறியை அடையச் சிறிது காலம் செல்லும். அதற்குள் வினாவைத் திரும்பக் கூறுதலும், தாமே விடை பகர்தலும் தகா. மூன்றாவது, வினவும் முறை. ‘பால் வேண்டுமா?’ என்று மட்டும் வினவினால், ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றிற்கு மேல் விடை எழாது; ‘என்ன வேண்டும்?’ என வினவினால் குழந்தை தன் எண்ணத்தைத் தானே தெரிவிக்க இடமுண்டு. நான்காவது, பலகை எப்பொழுதும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருத்தல். பாடம் முடிந்ததும் அதனைப் பேழையில் வைத்துப் பூட்டுவது, குழந்தையின் நாவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

பலகையில் உணவின் பெயர்களும் பொருள்களின் பெயர்களும் மட்டும் இருத்தல் போதாது. ‘வேண்டா’, ‘வலிக்கிறது’, ‘நான் கூறியது அதுவன்று’ என்பனவும் இடம்பெறல் வேண்டும். வலிக்கும் இடத்தைக் கூற இயலாத குழந்தைக்கு மருத்துவர் உதவுதலும் அரிது. மறுக்க இயலாத குழந்தையைப் பிறர் துன்புறுத்தினும் வெளியே தெரியாது. ஆதலின், அச்சொற்கள் அக்குழந்தைக்குப் பாதுகாப்பாகும்.

இன்று, குறியைத் தொட்டவுடன் குரல் எழுப்பும் கருவிகளும் வந்துள்ளன. சென்னையில் உருவாக்கப்பட்ட ‘ஆவாஸ்’ என்னும் செயலி அவற்றுள் ஒன்று. கருவி எதுவாயினும், குழந்தைக்குக் கூறத்தக்க கருத்து உண்டு என்று நம்பி, அருகிருந்து பொறுமையுடன் கேட்பார் வேண்டும். அத்தகையோரை உருவாக்குவதே ஆசிரியப் பயிற்சியின் நோக்கமாகும்.