மெய்நிகர் வட்டின் அளவு மாற்றம் தோல்வியுற்றால் தரவை மீட்டல்

மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு என்பது நம் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்புதான். விர்ச்சுவல்பாக்ஸில் அது விடிஐ வடிவிலும், விஎம்வேரில் விஎம்டிகே வடிவிலும் இருக்கும். அதன் அளவை மாற்றும்போது கோளாறு நேர்ந்தால் இயந்திரம் தொடங்க மறுக்கலாம். பல வேளைகளில் கெட்டுப்போவது தரவு அன்று. எது எங்கே உள்ளது என்று காட்டும் பகிர்வு அட்டவணையே. பதிவேடு தொலைந்த நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியிலேயே இருப்பதைப் போன்றது இது.

எனவே இயந்திரத்தை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதுதான் பெரும் கேடு. முதலில் வட்டுக் கோப்பை வேறோர் இடத்தில் படியெடுக்க வேண்டும். முயற்சிகள் யாவும் அந்தப் படியில் மட்டுமே. நல்ல நிலையிலுள்ள ஒரு லினக்சு இயந்திரத்தில் அதை இரண்டாவது வட்டாக இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளால் தேடினால் தொலைந்த பகிர்வுகள் தென்படக்கூடும். ஜிபிடி முறையில் அட்டவணையின் மாற்றுப்படி ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும்.

வட்டைப் பெரிதாக்கும்போது நேரும் கோளாறு பெரும்பாலும் சரியாகிவிடும். சிறிதாக்குவது அப்படியன்று. 40 ஜிபி வட்டை 30 ஆக்க முதலில் கோப்பு முறைமையையும், அடுத்துப் பகிர்வையும், கடைசியாக வட்டையும் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் கடைசி 10 ஜிபி வெட்டுப்படும். அதில் இருந்தவற்றைப் பழைய காப்புப்படியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எஞ்சிய 30 ஜிபியில் கோப்பு முறைமை திறக்காவிட்டால் போட்டோரெக் உதவும். அது கோப்புகளை அவற்றின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு கண்டெடுக்கிறது. ஆனால் பழைய பெயர்களும் கோப்புறைகளும் பொதுவாகத் திரும்பி வாரா.