படகை இழுக்கப் பழைய பிக்கப்: வாங்கும் முன் கொஞ்சம் இயற்பியல்

பாயான் பாருவிலிருந்து பத்து மாவுங் கடற்கரை பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்க ஒரு சிறிய படகும், அதை டிரெய்லரில் வைத்து இழுக்கப் பழைய பிக்கப்பும் வாங்க உங்கள் மாமா கிளம்பினால், நீங்களும் கூடப் போங்கள்.

விற்பவர் முதலில் குதிரைத்திறனைச் சொல்வார். அது மட்டும் போதாது. பழைய ஹைலக்ஸ் 2.5 டீசலுக்கும் மைவி 1.5 காருக்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய 100தான். ஆனால் மைவியின் முறுக்கு விசை 136 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 4,400 சுழற்சியில்தான் கிடைக்கும். அந்த ஹைலக்ஸ் 1,600 சுழற்சியிலேயே 260 நியூட்டன் மீட்டர் தரும். நனைந்த படகுத்துறைச் சரிவில் நின்ற இடத்திலிருந்து பாரத்தை மேலே இழுக்க இதுதான் உதவும்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. பிக்கப் 1,900 கிலோ, படகும் டிரெய்லரும் 700 கிலோ என்று வையுங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், பிக்கப்பின் பிரேக் மட்டுமே 2,600 கிலோவையும் நிறுத்த வேண்டும். பிரேக் விசை மாறாவிட்டால், முன்பு 20 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 27 மீட்டர் ஓடித்தான் நிற்கும். தெலுக் கும்பாரிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதை வளைவில் அந்த 7 மீட்டர் சின்னத் தூரமல்ல.

அடுத்தது நெம்புகோல். டிரெய்லர் கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதன்மேல் 70 கிலோ அழுத்தினால், அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் உள்ள வண்டியில் முன் சக்கரங்களின் சுமை 28 கிலோ குறையும். அதிகமாக அழுத்தினால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும். அதற்காகக் கொக்கியில் பாரமே இல்லாமலும் விடக்கூடாது. வேகமெடுத்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். படகின் மோட்டார் பின்னால் தொங்குவதால், ஐஸ் பெட்டியையும் எண்ணெய்க் கலனையும் முன்பக்கம் நகர்த்துவது நல்லது.

இனி வண்டிக்கு அடியில் குனியுங்கள். (பள்ளிச் சீருடையில் வேண்டாம்!) ஏற்கெனவே படகு இழுத்த பிக்கப் என்றால், அதன் பின்பகுதி பலமுறை கடல்நீரில் இறங்கியிருக்கும். உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துருப்பிடிக்கும் மின்வேதி வினை வேகமெடுக்கும். கிலோமீட்டர் முள் இதைக் காட்டாது. கைவிளக்கும் காந்தமும் கொண்டுபோங்கள். சட்டத்தில் காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பூசிய பட்டி இருக்கலாம். அடியில் மட்டும் புதுக் கறுப்புச் சாயம் மின்னினால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தகட்டு வில்கள், பிரேக் குழாய், கொக்கியின் போல்ட்டுகள் ஆகியவற்றையும் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் வண்டிச் சோதனை உண்டு. ஆனால் நீங்கள் எவ்வளவு பாரம் இழுக்கப் போகிறீர்கள் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. அந்த எல்லையை வண்டியின் கையேட்டில் தேடுங்கள். தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வேறு எண் இருக்கும்.

கடைசியாக, ஓட்டிப் பார்த்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டுங்கள், தொடாமல். இடமும் வலமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். விலை பேசுவதற்கு முன் பட்டறைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.