இருதய ரண சிகிச்சையும் தண்ணீர்த் தொட்டியும்

மும்பை நகரின் குடிநீரில் பெரும்பகுதி பாண்டுப்பில் சுத்திகரிக்கப்படுகிறது. நீரில் கலக்கப்படும் குளோரின் காலரா, டைபாய்டு முதலிய நோய்களின் கிருமிகளை அழித்துவிடும். ஆயினும் எந்த நகரத்துக் குழாய்நீரிலும் குளோரினுக்கு எளிதில் மடியாத கிருமிகள் சில எஞ்சக்கூடும். க்ஷயரோகக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த 'மைக்கோபாக்டீரியம் கைமீரா' அத்தகையது. மெழுகு போன்ற மேலுறையே அதன் கவசம். ஆரோக்கியமானவர்கள் அந்நீரைப் பருகுவதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. திறந்த நெஞ்சுக்குள் அக்கிருமி வந்து விழுந்தால் விளைவு வேறு.

இருதயத்தை நிறுத்தி ரண சிகிச்சை செய்கையில், நோயாளியின் ரத்தம் உடலுக்கு வெளியே ஒரு யந்திரத்தின் வழியே ஓடிப் பிராணவாயு பெற்றுத் திரும்புகிறது. அந்த ரத்தத்தைக் குளிர்விக்கவும் மீண்டும் வெதுவெதுப்பாக்கவும் தண்ணீர்த் தொட்டிகள் கொண்ட மற்றொரு சாதனம் அருகில் நிற்கும். தண்ணீர் ரத்தத்துடன் கலப்பதே இல்லை. ஆதலால் நெடுங்காலம் எவரும் அதனை ஐயுறவில்லை.

ஸ்விட்ஜர்லாந்தின் ஜூரிச் நகரில் 2008 முதல் 2012 வரை ரண சிகிச்சை பெற்ற அறுவருக்கு இக்கிருமி தொற்றியதை அங்குள்ள மருத்துவர்கள் 2015-இல் விவரித்தனர். தொட்டி நீரில் கிருமி இருந்தது. சாதனம் ஓடும்போது அறையின் காற்றிலும் இருந்தது! தொட்டியிலிருந்து எழும் கண்ணுக்குப் புலனாகாத திவலைகளைச் சாதனத்தின் விசிறியே வெளியே வீசியது. புகையை விட்டுப் பார்த்த சோதனையில், அக்காற்று நோயாளியின் நெஞ்சு வரை செல்வது தெரிந்தது. கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், பல நாட்டு நோயாளிகளுக்கும் பொதுவான மூலம் பெரும்பாலும் ஜெர்மனியிலுள்ள ஓர் உற்பத்திச்சாலையே என்று 2017-இல் முடிவு கூறினர்.

களப்பணியாளர் இங்கே கருத்தூன்ற வேண்டும். நோய் உடனே தலைகாட்டுவதில்லை; ரண சிகிச்சைக்குப் பின் மாதங்கள், சில வேளை ஆண்டுகளே கழியும். பிறகு விடாத காய்ச்சல், களைப்பு, எடைக்குறைவு, இரவு வியர்வை. நம் நாட்டில் இவற்றைக் கேட்டவுடன் க்ஷயம் என்றே எண்ணுவோம்; அது இயல்பே. ஆனால் க்ஷயத்திற்குரிய மருந்துகள் மட்டும் இதற்குப் போதா. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இக்கிருமி வளராது. தனிமுறையில் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் கண்டறியப்பட்ட நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தனர். எனவே, செயற்கை வால்வு பொருத்தப்பட்டதா, எந்த ஆண்டில் என்னும் இரு கேள்விகளுக்கும் நோயாளியின் குறிப்பில் விடை இருத்தல் வேண்டும்.

ஆஸ்பத்திரிகளின் கடமை வேறு. தொட்டியில் வடிகட்டிய நீரையே ஊற்றி, குறித்த காலத்தில் மருந்திட்டுக் கழுவுதல் அவசியம். அதுவும் முற்றிலும் போதாது. தொட்டியின் உட்சுவரில் படியும் வழவழப்பான படலத்துள் கிருமி ஒளிந்து பிழைக்கிறது. சாதனத்தையே அறைக்கு வெளியே நிறுத்தி, குழாய்களை மட்டும் சுவர்த் துளை வழியே உள்ளே கொணர்வது சிறந்த ஏற்பாடு.